திரும்ப எடுக்க ஏலாத மாதிரி

கொம்பியூட்டரில் ஒரு பைலை அழிக்க ரெண்டு வழி இருக்கு. டிலீட்டை மட்டும் அமத்தினால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். மனசு மாறினால் போய் எடுத்துக்கொள்ளலாம். ஷிஃப்டையும் சேர்த்து அமத்தினால் தொட்டிப் பக்கமே போகாது. ‘நிரந்தரமாக அழிக்கவா?’ எண்டு ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். ஓம் எண்டால் முடிஞ்சு. 2019 ஏப்ரல் கடைசிக் கிழமையில் எங்கட பக்கத்தில் எத்தனை வீடுகளில் இந்தப் பெட்டிக்கு ஓம் சொன்னார்கள் எண்டு யாரும் எண்ணவில்லை. அழித்ததற்கு யார் கணக்கு வைப்பார்?

சவளக்கடை தெரியாதவர்களுக்கு: கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கியைத் தாண்டி வந்தால், வயல்களுக்கு நடுவில் இருக்கிற ஊர். மாரியில் கிட்டங்கியால் தண்ணி பாய்ந்தால் கல்முனைக்குப் போகிற குறுக்கு வழி அடைபட்டுப்போகும். தமிழ் ஆக்களும் நாங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். செய்தியில் எங்கட ஊர்ப் பெயர் வருகிற நாள் குறைவு. அந்தக் கிழமை வந்தது.

ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சியோன் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260க்கும் மேற்பட்ட ஆக்கள் செத்தார்கள். 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சுற்றிவளைத்த நேரம் உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தார்கள். 15 பேர் இறந்தார்கள், அதில் 6 பேர் சிறுபிள்ளைகள். அன்றிரவே கல்முனை, சம்மாந்துறை, சவளக்கடை பொலிஸ் பிரிவுகளுக்கு ஊரடங்கு. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் 21ஆம் திகதியிலிருந்து முடக்கம், 30ஆம் திகதிதான் திறந்தார்கள். அதனால் கதைகள் எல்லாம் வேலிக்கு மேலால வந்தன. “வாள் இருந்தா பிடிக்காங்களாம்.” “அரபு எழுத்து இருந்தாலே கொண்டுபோறாங்களாம்.” “போனை வாங்கி கேலரிய ஒவ்வொண்டாத் தட்டிப் பாக்காங்களாம்.” எல்லாம் பொய்யும் இல்லை. அடுத்த மாதம் ஹசலக்கவில் ஒரு பெண்ணை, உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் எண்டு நினைத்து, கைதுசெய்தார்கள். சுக்கானுக்கே இப்படி எண்டால் எழுத்துக்கு என்ன நடக்கும் எண்டு பயப்பட்ட ஆக்களை நான் பைத்தியம் எண்டு சொல்ல மாட்டேன்.

எங்கட வீட்டில் இருந்தது மூத்தம்மாட உம்மா எழுதின ஒரு கொப்பி. பழைய நீளக் கணக்குக் கொப்பி, சிவப்புத் துணி அட்டை. முழுக்க அரபுத்தமிழ். எழுத்து அரபு, பாஷை தமிழ். அரபில் இல்லாத ட, ப, ங, ள, ழ மாதிரி சத்தங்களுக்கு அரபு எழுத்திலேயே புள்ளிகளைக் கூட்டி ஒரு வழி கண்டிருந்தார்கள் எங்கட முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1898இல் மவுத்தானவர்) போன்றவர்கள் பெரிய பெரிய கிதாபுகளை இதில்தான் எழுதினார்கள். அவை கடல் கடந்து இங்கேயும் வந்து ஓதப்பட்டன. பள்ளிக்கூடம் போகாத, ஆனால் ஓதப் போன பெண்பிள்ளைகளுக்கு எழுதப் படிக்க இருந்த ஒரே வழியும் இதுதான். தமிழ் எழுத்தில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவராம் மூத்தம்மாட உம்மா. ஆனால் ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தார். பாதி, யாரிடமோ இரவல் வாங்கிப் பார்த்து எழுதின மாலைப் பாடல்கள். மற்றப் பாதி வீட்டுக் காரியம்: பிள்ளை பிறந்த நாள், மவுத்து நாள், காய்ச்சலுக்கு என்ன அவிக்க வேண்டும், யார் எத்தனை மரைக்கால் நெல்லுத் தர இருக்கு.

காக்கா அந்த வருசம் ஜனவரியில்தான் அதைப் பக்கம் பக்கமாகப் போனால் படம் பிடித்திருந்தார். 58 படம். லெப்டொப்பில் போட்டு ‘கிதாபு’ எண்டு ஒரு போல்டர். ஒரு பிரதி போனின் மெமரி கார்டில்.

ஊரடங்கு போட்ட அடுத்த நாள் வாப்பா முதலில் கொப்பியை எடுத்தார். எரிக்க ஏலாது, உள்ளே ஆயத்துகள் இருக்கு. பழைய குர்ஆன் தாள்களை மிதிபடாமல் மண்ணுக்குள் வைப்பது எங்களிடம் உள்ள முறைதான், அதையே செய்தார். பொலித்தீனால் சுற்றி, யூரியா பேக்குக்குள் போட்டு, பின்வளவுத் தென்னைக்குக் கீழே புதைத்தார். திரும்ப எடுக்கலாம் எண்ட எண்ணத்தோடுதான். பிறகு லெப்டொப்புக்கு வந்தார். அவருக்குக் கொம்பியூட்டர் தெரியாது. ஆனால் ரீசைக்கிள் பின் எண்ட ஒன்று இருக்கு எண்டு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அதையும் அழி மகன். திரும்ப எடுக்க ஏலாத மாதிரி அழி.”

காக்கா போல்டரைத் தெரிந்தெடுத்து ஷிஃப்டையும் டிலீட்டையும் அமத்தினார். மெமரி கார்டைக் கழற்றி ரெண்டாக முறித்துக் கக்கூசுக்குள் போட்டார். மூத்தம்மா வாசல்படியில் இருந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தார். ஒண்டும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்லியாக வேண்டும், ஏனெண்டால் நாங்கள் நினைக்கிற ‘அழித்தல்’ வேறு, மெசின் செய்கிற அழித்தல் வேறு. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைல் இருக்கிற இடம் ஒன்று, அதன் பெயரும் முகவரியும் எழுதின இடாப்பு வேறொன்று. டிலீட் மட்டும் அமத்தினால் பைல் ஒரு அடிகூட நகர்வதில்லை, முகவரி மட்டும் தொட்டிக்கு மாறும். ஷிஃப்ட் சேர்த்து அமத்தினால் இடாப்பில் ‘இந்தப் பதிவு இனிப் பாவனையில் இல்லை, இடம் காலி’ எண்டு குறிக்கப்படும். அவ்வளவுதான். கிராம சேவகர் வாக்காளர் இடாப்பில் ஒருத்தர்ட பெயரை வெட்டினால் அந்த ஆள் வீட்டை விட்டுப் போய்விடுவாரா? வேறு குடும்பம் வந்து அதே வீட்டில் ஏறும்வரை அவர் உள்ளேதான் இருப்பார். டிஸ்க்கிலும் அப்படித்தான். புதிய பைல் வந்து அதே இடத்தில் எழுதும்வரை பழையது அங்கேயே கிடக்கும். இடாப்பை நம்பாமல் வீடு வீடாகத் தட்டிப் பார்க்கிற மென்பொருளுக்கு அது அகப்படும்.

குப்பைத்தொட்டி எண்ட யோசனைகூடப் பிறகு வந்ததுதான். 1983இல் அப்பிள் லீசாவில் அந்தப் படம் வந்தது. விண்டோஸ்காரருக்கு 1995இல்தான் ரீசைக்கிள் பின் கிடைத்தது. அதற்கு முதல் அழிப்பு பெரும்பாலும் நேரடி அழிப்பே. இப்பவும் விண்டோஸில் பென் டிரைவிலிருந்து ஒன்றை அழித்தால் தொட்டிக்குப் போகாது, இது நிறையப் பேருக்குத் தெரியாது. ‘குயிக் போர்மட்’ செய்தாலும் இடாப்புத்தான் புதிதாகிறது, உள்ளடக்கம் கிடக்கும். 2003இல் அமெரிக்காவில் கார்ஃபின்கல், ஷெலட் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் 158 விலைக்கு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். வேலை செய்தது 129. அதில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தது 12 மட்டும். மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கடனட்டை இலக்கங்கள், மருத்துவக் கடிதங்கள், காதல் கடிதங்கள். விற்ற ஆக்கள் எல்லாரும் ‘அழிச்சிட்டம்’ எண்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

அப்படிப் பார்த்தால் வாப்பா பயந்த ஆளுக்கு ஷிஃப்ட் டிலீட் ஒரு தடையே இல்லை. பாதையில் போனை வாங்கித் தட்டிப் பார்க்கிறவருக்கு சாதாரண டிலீட்டே போதும், அவர் தொட்டிக்குள் எல்லாம் கிண்டப்போவதில்லை. லெப்டொப்பைக் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு ஷிஃப்ட் டிலீட் காணாது. ரெண்டுக்கும் நடுவில் அது யாரிடமிருந்து மறைத்தது? எங்களிடமிருந்துதான்.

அழிக்கிறது எண்டது இந்தக் கரைக்குப் புதுசும் இல்லை. எனக்குக் கெம்பஸில் ஒரு சிநேகிதி, நாவிதன்வெளிப் பக்கத் தமிழ்ப் பிள்ளை. காக்காட கதையைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அவங்கட அம்மம்மா வீட்டு அல்பத்தில் மூலைகளில் பசை அடையாளம் மட்டும் இருக்கிற பக்கங்கள் ஆறோ ஏழோ இருக்காம். மாமா ஒருத்தர்ட படங்கள். எண்பதுகளில் தேடுதல் வந்த ஒரு இரவு அம்மம்மா அடுப்புக்குள் போட்டது. பிறகு மாமாவும் வரவில்லை. படமும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் அல்பத்தை வீசவில்லை. அடுப்புக்குப் போனது எந்த மென்பொருளுக்கும் கிடைக்காது. அவள் அதைச் சொல்லிவிட்டு, “உங்கட காக்கா குடுத்து வச்சவர் டி” எண்டாள். அது சரியான பேச்சு எண்டு எனக்குப் பட்டது.

கொப்பியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருச மாரியில் பின்வளவு முழங்கால் அளவு தண்ணிக்குள் இருந்தது. தை பிறந்த பிறகு தோண்டினால் பேக்குக்குள் தண்ணி. தாள் எல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டிக் களி மாதிரி. வாப்பா அதைத் திரும்பவும் அதே குழிக்குள் வைத்து மூடினார். அடுத்த மாதம் மூத்தம்மா மவுத்தானார்.

லெப்டொப் தப்பினதற்குக் காரணம் அது பழுதானதுதான். 2019 ஜூனில் திரை போயிற்று, திருத்த எடுக்கிற காசுக்கு வேறு வாங்கலாம் எண்டு அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டார்கள். மூன்று வருசம் யாரும் அதில் ஒண்டும் எழுதவில்லை, அதாவது ‘காலி’ எண்டு குறித்த வீடுகளுக்குப் புதுக் குடும்பம் வரவில்லை. 2022இல் கெம்பஸில் தொழில்நுட்பப் பீடத்துப் பொடியன் ஒருத்தனிடம் கதைத்தபோதுதான் இது எங்களுக்கு விளங்கியது. அவன் சொன்ன முதல் விசயம்: அந்த மெசினை ஓன் பண்ணவே வேணாம். ஓன் பண்ணினால் விண்டோஸ் தன்பாட்டுக்கு எதையாவது எழுதும். டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிளால் வேறொரு கொம்பியூட்டரில் மாட்டி, ஃபோட்டோரெக் எண்ட இலவச மென்பொருளை ஓட்டினான். அது இடாப்பைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டு போய், ஒரு ஜேபெக் படம் எப்படித் தொடங்குமோ அந்த அடையாள பைட்டுகள் வருகிற இடமெல்லாம் ‘இங்க ஒண்டு இரிக்கு’ எண்டு அள்ளி எடுக்கும்.

ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. பத்தாயிரத்துக்கும் மேல் படம். இணையத்தில் பார்த்த பக்கங்களின் சின்னச் சின்னச் சின்னங்கள், விளம்பரங்கள், காக்காட கூட்டாளிமார் கிரிக்கெட் அடித்த படங்கள், அவர் எங்களுக்குக் காட்ட விரும்பாத சிலதும் (அதை அவரிடமே கொடுத்துவிட்டேன்). அதற்குள் கொப்பி. 43 பக்கம் முழுசாக. 6 பக்கம் மேல்பாதி மட்டும், கீழே சாம்பல் நிறம். 9 இல்லை.

இது இப்படி அள்ளி எடுப்பதின் ஒரு விசேடம்: பெயர் போய்விடும். அப்படி அள்ளி எடுத்த படத்துக்குப் பழைய பெயரும் கிடையாது, போல்டரும் கிடையாது. எஃப் எண்ட எழுத்தும் ஒரு நீள இலக்கமும் மட்டும். எது முதல் பக்கம், எது கடைசிப் பக்கம் எண்டு தெரியாத 49 படம். இலக்க ஒழுங்கு கொஞ்சம் உதவியது, முழுக்க நம்ப ஏலாது. கொப்பியிலும் பக்க இலக்கம் இல்லை.

வாசித்து ஒழுங்குபடுத்த வேண்டும். வீட்டில் அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் மூத்தம்மா. ஆனால் எனக்கு அரபு எழுத்துத் தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆறு வயதிலேயே ஓதப்போன பிள்ளைகள்தானே. ஒரு பின்னேரம் சும்மா ஒரு வரியை, குர்ஆன் எழுத்துக்கூட்டுகிற மாதிரி, சத்தம்போட்டுக் கூட்டிப் பார்த்தேன். முதல் தரம் ஒண்டுமில்லை. ரெண்டாம் தரம் கொஞ்சம் வேகமாக. மூன்றாம் தரம் வாயிலிருந்து வந்தது தமிழ். “வேப்பம் பட்டையும் மல்லியும்.” காய்ச்சல் மருந்து! ஓதுகிற சத்தத்துக்குள்ளிருந்து எங்கட குசினிப் பேச்சு வெளியே வருகிறதைக் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. பதினைந்து வருசமாக எனக்கு இந்த எழுத்துத் தெரியும், இதை எனக்கு வாசிக்கத் தெரியும் எண்டு மட்டும் தெரியாது.

பிறகு ஒழுங்கு. மாலைப் பகுதி லேசாகப் போனது, காரணம் பழைய கிதாபுகளின் ஒரு பழக்கம். பக்கத்தின் அடியில், மூலையில், அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைத் தனியே எழுதி வைப்பார்கள், தாள் கழன்றாலும் கோத்துக்கொள்ளலாம் எண்டு. மூத்தம்மாட உம்மா அந்தக் கிதாபைப் பார்த்து எழுதும்போது அதையும் அப்படியே எழுதியிருக்கிறார். அடியில் உள்ள சொல்லையும் மேலே தொடங்குகிற சொல்லையும் சோடி சேர்த்துக்கொண்டே போனால் பக்கங்கள் தானாக வரிசைக்கு வந்தன. டிஸ்க் மறந்த ஒழுங்கை அவருடைய பேனை ஞாபகம் வைத்திருந்தது.

கணக்குப் பகுதியில் அப்படி ஒண்டும் இல்லை. அதில் இன்னமும் தடுமாறுகிறேன். ஹிஜ்ரி ஆண்டு போட்ட இடங்கள் மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கின்றன. ஒரு பக்கத்தில் ஹிஜ்ரி 1377, வெள்ளம், வீட்டுக்குள் தண்ணி, விதைநெல்லுப் போச்சு எண்டு மூன்று வரி. கணக்குப் பார்த்தால் 1957 டிசம்பர் பெருவெள்ளம். கிழக்கில் வயசான ஆக்கள் இன்னமும் சொல்லுகிற வெள்ளம் அது. அதற்குக் கீழேயே, அதே மையில், ஒரு பெண்பிள்ளை பிறந்த நாள். அது என்னுடைய பெரிய மாமி. அவருடைய அடையாள அட்டையில் 1959 எண்டு இருக்கு. ரெண்டு வயசு கூடிவிட்டது எண்டு சொன்னதற்கு மாமி இன்னமும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

அழித்த எழுத்து திரும்பி வருவது கொம்பியூட்டரோடு வந்த விசயம் இல்லை. 1972இல் யெமனின் சன்ஆ பெரிய பள்ளிவாசலைத் திருத்தும்போது கூரைப் பக்கத்தில் பழைய குர்ஆன் தாள்கள் குவியலாகக் கிடைத்தன, பாவிக்க ஏலாதவற்றை மரியாதையாக ஒதுக்கி வைத்த இடம். அதில் சில தோல்தாள்களில் முதல் எழுத்தைக் கழுவிவிட்டு மேலே திரும்ப எழுதியிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் தோல் விலை கூடின பொருள். கழுவின எழுத்து காலப்போக்கில் மங்கலாக மேலே வந்துவிட்டது. புற ஊதா ஒளியில் வாசித்துவிட்டார்கள். 7ஆம் நூற்றாண்டுத் தாள்! வாப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப அந்தப் பள்ளிக் கூரையும் ஒரு தொட்டி மாதிரித்தான்” எண்டார். ரீசைக்கிள் பின்னுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

ஆனால் எங்களுக்கு நல்லதாக முடிந்ததை வைத்து ‘ஒண்டும் அழியாது, பயப்பட வேணாம்’ எண்டு எழுதினால் அது பொறுப்பில்லாத வேலை. முதலாவது, அது பழைய சுழல்கிற டிஸ்க். இப்ப வருகிற லெப்டொப்புகளில் எஸ்எஸ்டி. விண்டோஸ் 7இலிருந்து ட்ரிம் எண்ட ஏற்பாட்டால், அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானே கொஞ்ச நேரத்தில் துடைத்துவிடும். இன்றைக்கு அதே காரியம் நடந்தால் 58இல் ஒண்டும் வராது. ரெண்டாவது, அழிய வேண்டியது அழியாமல் இருப்பதும் ஒரு ஆபத்து. எங்கட பக்கத்தில் ஒரு பிள்ளை பழைய மெமரி கார்டை ‘எல்லாம் டிலீட் பண்ணியாச்சு’ எண்டு போனோடு விற்றாள். ஆறு மாதத்தில் அவளுடைய படங்கள் யார் யாருடைய போனிலோ இருந்தன. அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். படம் எடுத்ததற்கு அவளைப் பேசின ஊர், கார்டைக் கிண்டினவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூத்தம்மாட உம்மாட கொப்பியைக் காப்பாற்றிய அதே மென்பொருள் அவள் வாழ்க்கையில் செய்தது இது.

ஆகவே விற்கிற ஆக்களுக்கு: அண்மைக்கால போன்களில் உள்ளதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டே இருக்கும், ஃபெக்டரி ரீசெட் கொடுத்தால் திறப்பே தொலைந்துவிடும், அது நல்ல அழிப்பு. மெமரி கார்டை மட்டும் விற்காதீர்கள். பழைய டிஸ்க்குக்கு முழு போர்மட், குயிக் இல்லை. எஸ்எஸ்டி எண்டால் முதல் நாளே குறியாக்கத்தைப் போட்டுவிடுங்கள்.

பயத்தில் அழிக்கிறவர்களுக்கு என்ன சொல்வது எண்டு எனக்குத் தெரியவில்லை. 2020 மேயில் கவிஞர் அஹ்னாப் ஜஸீமைப் பிடித்தார்கள், ‘நவரசம்’ எண்ட தமிழ்க் கவிதைத் தொகுப்பைக் காரணம் காட்டி. 2017இல் வெளிவந்த, கடையில் வாங்கக்கூடிய புத்தகம். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. அச்சடித்த, எல்லாரும் வாசிக்கக்கூடிய தமிழுக்கே இந்த நிலை எண்டால், யாரும் வாசிக்க ஏலாத ஒரு சிவப்புக் கொப்பியை வைத்திருக்கிற வாப்பா வேறு என்ன செய்திருக்க வேண்டும்? காக்கா இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்புகிறார். எனக்கு அவரில் கோபமில்லை. என்னுடைய கோபம் வேறு இடத்தில்.

இப்ப 49 படமும் மூன்று இடத்தில் இருக்கு. ஒன்று என்னிடம், ஒன்று வெளிநாட்டில் இருக்கிற சாச்சாவிடம், ஒன்று ‘உங்கட காக்கா குடுத்து வச்சவர்’ எண்டு சொன்ன சிநேகிதியிடம். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் பேசும் ஆக்களின் ஆவணங்களைச் சேர்த்துவருகிற நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாப்பா இன்னும் ஓம் சொல்லவில்லை. கடன் கணக்குப் பக்கங்களை எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா எண்டு கேட்கிறார், நெல்லுத் தர வேண்டிய வீடுகள் இன்னமும் பக்கத்தில்தான் இருக்காம்.

மாலைப் பகுதியில் ஒரு இடைவெளி மட்டும் அடைபடவில்லை. ஒரு பக்கத்தின் அடியில் ‘உம்மாமாரே’ எண்டு அடுத்த பக்கத்துச் சொல் நிற்கிறது. அந்தச் சொல்லில் தொடங்குகிற பக்கம் வராத 9இல் ஒன்று. உங்கட வீட்டுப் பெட்டிக்குள், அலுமாரிக்கு மேல், அரபு எண்டு நினைத்து ஒதுக்கி வைத்த பழைய மாலைக் கொப்பி ஏதும் இருந்தால் ஒரு வரியைச் சத்தமாகக் கூட்டிப் பாருங்கள். அப்படித் தொடங்கினால் எனக்கு எழுதுங்கள்.